பதினெட்டாம் எண் குளவி

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன் அக்கா. அந்தக் கூட்டத்தில் நான் இல்லை. அங்கே நடந்ததை எனக்குச் சொன்னவர் எங்கள் பூச்சி ஆராய்ச்சி நிலையத்து ஜீப் டிரைவர் எத்திராஜ் அண்ணன். அவரும் அறைக்குள் இல்லை. டீ டம்ளரோடு கதவுக்கு வெளியே நின்றிருந்தார். கதவு பாதிதான் திறந்திருந்தது. பாதிக் கதவு வழியாக அவருக்கு வந்து, அவர் வாய் வழியாக எனக்கு வந்த கதை இது. கோபம் மட்டும் யாரிடமிருந்தும் வரவில்லை. அது என்னுடையது.

பெட்டியை மேலே வைக்க முடியாதுக்கா. கண்டக்டரும் இரண்டு தடவை சொல்லிவிட்டார். பள்ளம் வரும்போது நான் இதை இப்படித் தூக்கிப் பிடிக்க வேண்டும். உள்ளே பாம்பு இல்லை, பயப்படாதீர்கள். இரண்டு குளவிகள். செத்துப்போனவை. உயிரோடு இருந்தாலும் உங்களைக் கொட்டாது, எள்ளில் பாதிகூட இருக்காது. கண்ணாடி மூடி வழியாகப் பாருங்கள். இரண்டு ஊசி தெரிகிறதா? ஒவ்வொரு ஊசியிலும் சின்ன முக்கோண அட்டை இருக்கிறதா? அட்டையின் நுனியில் தூசி மாதிரி ஒட்டியிருக்கிறதே, அதுதான் குளவி. இடது பக்கம் பதினேழு. வலது பக்கம் பதினெட்டு. அவர்கள் கொண்டுவரச் சொன்னது பதினெட்டை மட்டும். பிறகு எதற்கு இரண்டு என்றால், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பன்னிரண்டு மணிக்குக் கோயம்புத்தூரில், எங்கள் அறக்கட்டளையின் தலைமை அலுவலகத்தில் இதை ஒரு மேசைமேல் வைக்க வேண்டும். விசாரணை. நான் கொடுத்த மனுவின் மேல் நடக்கிற விசாரணை. யார் மேல் கொடுத்தேன்? என் மேலதிகாரி மேல். டாக்டர் சுகவனம். முப்பத்து நான்கு வருடமாகப் பூச்சி பார்க்கிறவர். இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெற வேண்டியவர். விசாரணை முடியாமல் அவரை விடமாட்டார்கள். குற்றம் உறுதியானால், கீழே வேலை செய்யும் பெண்ணின் கண்டுபிடிப்பைத் திருடியவர் என்று எழுதித்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள். மனு பொய் என்று முடிவானால் என் வேலை போகும். என் வேலை தற்காலிகம். ஒரு கையெழுத்தில் வந்தது. போவதற்குக் கையெழுத்துகூடத் தேவையில்லை.

நடந்த வரிசையிலேயே சொல்கிறேன். நடுவில் முடிவைக் கேட்டுவிடாதீர்கள். எங்கள் வேலையே அப்படித்தான். ஒரு பூச்சி எந்தப் பேரினம் என்று கண்டுபிடிக்க ஒரு கேள்விப் பட்டியல் இருக்கிறது. ஒவ்வொரு எண்ணிலும் இரண்டு வழி. இறக்கை இப்படி இருந்தால் நான்காம் எண்ணுக்குப் போ, அப்படி இருந்தால் ஏழாம் எண்ணுக்குப் போ. மூன்றாம் கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஒன்பதாம் கேள்விக்குத் தாவினால் தப்பான பூச்சியில் போய் நிற்போம். நான் ஒருநாளும் தாவியதில்லை.

எங்கள் நிலையம் ஆத்தூர் பக்கம். சுற்றிலும் மரவள்ளி. நாங்கள் குச்சிக்கிழங்கு என்போம். என் அம்மா ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலையில் கிழங்குத் தோல் சீவுகிறார். அப்பா அதே ஆலைக்கு லோடு ஏற்றுகிறார். எங்கள் வீட்டில், அப்பா வழியிலும் சரி, அம்மா வழியிலும் சரி, முதலில் பட்டம் வாங்கியது நான்தான். சும்மா சொல்லவில்லை, தாசில்தார் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் இருக்கிறது, முதல் பட்டதாரி என்று. லேமினேட் செய்து வைத்திருக்கிறேன். இந்தப் பையிலேயே இருக்கிறது. எதற்கும் இருக்கட்டும் என்று.

மாவுப்பூச்சி விழுந்த மரவள்ளியைப் பார்த்திருக்கிறீர்களா? குருத்தில் யாரோ சுண்ணாம்பைக் கொட்டிய மாதிரி வெள்ளையாக இருக்கும். இலை சுருண்டு கட்டி கட்டியாகிவிடும். கிழங்கு விரல் அளவில் நின்றுவிடும். அந்த மாவுப்பூச்சிக்குள் முட்டை வைக்கிற குளவிதான் இது. குளவிக் குஞ்சு உள்ளேயிருந்தே தின்னும். மாவுப்பூச்சி பழுப்பு நிறத்தில் கூடாக இறுகிவிடும். அப்புறம் ஒரு வட்ட ஓட்டை போட்டுக்கொண்டு குளவி வெளியே வரும். அதைப் பெருக்கி வயலில் விட்டால் மருந்தே அடிக்க வேண்டாம்.

ஆனால் எந்தக் குளவி என்று தெரியாமல் விடக்கூடாது. மாவுப்பூச்சியைத் தின்கிற குளவியும் உண்டு, அந்தக் குளவியைத் தின்கிற குளவியும் உண்டு. இரண்டும் ஒரே கூட்டிலிருந்து வரும். பேரினத்தைத் தப்பாகச் சொன்னால், வைத்தியரை அனுப்புவதாக நினைத்து வைத்தியரைக் கொல்கிறவனை அனுப்பிவிடுவோம். அதனால்தான் நான் அவ்வளவு கவனமாக இருப்பேன். ஒரு எண்ணை எழுதினால் மூன்று தடவை பார்ப்பேன். அடித்துத் திருத்தினால் பக்கத்தில் கையெழுத்துப் போடுவேன்.

பங்குனி மாதம். நல்ல மைக்ராஸ்கோப், இரண்டு கண்ணாலும் பார்க்கிறது, பழுது பார்க்கப் போயிருந்தது. பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்காக வைத்திருக்கும் பழைய ஒற்றைக்கண் மைக்ராஸ்கோப்தான் இருந்தது. அதில் வேலை செய்வது எரிச்சல் பிடித்த வேலை. தூரிகையை இந்தப் பக்கம் தள்ளினால் அது அந்தப் பக்கம் போகும். இரண்டு நாளில் கை பழகிவிட்டது. ஒட்டுகிற கோந்தும் தீர்ந்துபோயிருந்தது. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் நெயில் பாலிஷ் வாங்கினேன். உங்கள் விரலில் இருப்பது மாதிரி சிவப்பு இல்லை, தண்ணீர் நிறம். என் விரலில் ஒருநாளும் போட்டதில்லை. குளவிக்குத்தான்.

ஒரே வயலில் எடுத்த இரண்டு குளவிகளை ஒட்டி, பதினேழு, பதினெட்டு என்று எண் போட்டேன். இரண்டும் மஞ்சள். கண்ணால் பார்த்தால் இரண்டு தூசி, ஒன்று கொஞ்சம் பெரிய தூசி. கரண்ட் இல்லை. நான் சுவிட்சை அணைக்க மறந்திருந்தேன். கரண்ட் வந்தது, ஃபேன் ஒரு சுற்றுச் சுற்றியது, ஓடிப்போய் நிறுத்தினேன். அதற்குள் இரண்டின் தலையும் கழன்று வெள்ளைத் தாளில் விழுந்துவிட்டது. இது எல்லோருக்கும் நடப்பதுதான் அக்கா. காய்ந்த குளவிக்குக் கழுத்து நிற்காது. மூச்சைப் பிடித்துக்கொண்டு மைக்ராஸ்கோப்பில் தேடினேன். இடது பக்கம் ஒரு தலை, வலது பக்கம் ஒரு தலை. இடது பக்கம் தெரிந்ததை எடுத்து இடது ஊசிக்கு, வலது பக்கம் தெரிந்ததை எடுத்து வலது ஊசிக்கு. ஒட்டிவிட்டு நோட்டில் எழுதினேன்: 'தலைகள் விழுந்தன, திரும்ப ஒட்டப்பட்டன.' தேதி, நேரம், கையெழுத்து. வேறு யாராவது இருந்தால் எழுதாமல் விட்டிருப்பார்கள். நான் எதையும் மறைக்கிறவள் இல்லை.

அப்புறம் பேரினம் பார்க்க உட்கார்ந்தேன். குளவியின் உணர்கொம்பில் நடுப்பகுதிக் கணுக்களை எண்ண வேண்டும். மாவுப்பூச்சியில் அடிக்கடி கிடைப்பது இரண்டு பேரினம். ஒன்று அனகைரஸ், அதற்கு ஆறு கணு. இன்னொன்று அசெரோபேகஸ், அதற்கு ஐந்து. பதினேழு எளிது. உடம்பு, இறக்கை எல்லாம் அனகைரஸ். தலை மட்டும் ரொம்பச் சின்னதாக இருந்தது. 'உலர்ந்ததில் தலை சுருங்கியது' என்று எழுதிவிட்டு எடுத்து வைத்தேன். பதினெட்டுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. இறக்கை நரம்பைப் பார்த்தால் அசெரோபேகஸ். வயிற்றைப் பார்த்தால் அசெரோபேகஸ். கொம்பை எண்ணினால் ஆறு! தலையோ மார்பைவிட அகலம். பட்டியலில் எந்த வழியில் போனாலும் முட்டிக்கொண்டு நின்றேன். நான்கு நாள். முதல் கேள்வியிலிருந்து பதினோரு தடவை போனேன். அந்தப் பட்டியலில் இருக்கும் எந்த வீட்டுக்குள்ளும் அது நுழையவில்லை. அப்படி என்றால் என்ன அர்த்தம்? இதுவரை யாருமே பார்க்காத பேரினம் என்று அர்த்தம். வேறென்ன அர்த்தம் இருக்க முடியும்?

சாரிடம் காட்டினேன். சார் ரொம்ப நேரம் பார்த்தார். ஊசியை மெதுவாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஜீவிதாம்மா, இது தலை கழண்டு மறுபடி ஒட்டினதா?"

"ஆமாங்க சார். நோட்ல எழுதியிருக்கேன் சார்."

"ம்" என்றார்.

வராந்தாவுக்குப் போய் நின்றார். திரும்பி வந்தார். "ஒண்ணே ஒண்ண வச்சுப் பேரினம் சொல்ல முடியாதும்மா. இன்னொண்ணு கிடைக்கட்டும், பேசலாம்." போட்டோ எடுத்துக்கொண்டார். போகும்போது, "பக்கத்து ஊசியையும் ஒரு தடவை பாத்துக்கங்கம்மா" என்றார். பக்கத்து ஊசியை நான் எதற்குப் பார்க்க வேண்டும்? அது தெரிந்த பேரினம். புதியதைக் கையில் வைத்துக்கொண்டு பழையதைப் பார்க்கச் சொல்கிறார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும், என் கவனத்தைத் திருப்பப் பார்க்கிறார் என்று.

அவர் பேசுகிற விதம் உங்களுக்குத் தெரிய வேண்டும். என்னோடு வேலை செய்கிற நந்தகோபால் ஒருதடவை தேதியை மாற்றி எழுதிவிட்டான். அவன் அப்பா பேராசிரியர். சார் நோட்டைத் தூக்கி வராந்தாவில் வீசினார். "உங்கப்பன் பேராசிரியர்னா உனக்குக் கண்ணு தானா தெரிஞ்சிருமா? போடா, மொதல்ல இருந்து பாத்துட்டு வாடா!" நிலையமே கேட்டது. என்னை அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. எப்போதும் 'ஜீவிதாம்மா'தான், 'பாத்துக்கங்கம்மா'தான். நான் அதை மரியாதை என்று நினைத்தேன். என் வேலை அவ்வளவு சுத்தம், திட்ட இடமில்லை என்று நினைத்தேன். வீட்டில்கூடச் சொல்லியிருக்கிறேன், சார் எல்லாரையும் திட்டுவார், என்னை மட்டும் திட்டமாட்டார் என்று.

அம்மாவிடம் பூச்சியைப் பற்றியும் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"ஒரு பூச்சிக்கு நம்ம பேர வைப்பாங்களா கண்ணு?"

"வைக்கலாம்மா. கண்டுபிடிச்சவங்க பேரு வைக்கிறது உண்டு."

"கடிக்குற பூச்சிக்கு வேண்டாம்னு சொல்லிரு. நாளைக்கு ஊர்ல ஒருத்தனக் கடிச்சா நம்மளத்தான் வைவாங்க."

சிரித்தேன். ஆனால் அம்மா மறுநாள் ஆலையில் எல்லாரிடமும் சொல்லிவிட்டார். தோல் சீவுகிற அத்தனை பேருக்கும் தெரியும், ஜீவிதா ஒரு பூச்சி கண்டுபிடித்திருக்கிறாள் என்று. நந்தகோபாலுக்கும் தெரிந்துவிட்டது. "என்ன மேடம், பேரினத்துக்குப் பேரு வச்சாச்சா? ஜீவிதெல்லாவா? மொட்ட போட்டுக் காது குத்துறப்ப சொல்லுங்க, வந்து மொய் எழுதுறேன்" என்றான்.

இன்னொன்று கிடைக்கட்டும் என்றார் இல்லையா? தேடினேன். நாற்பத்திரண்டு நாள். சித்திரையும் வைகாசியும். வயல் வயலாகப் போய்ச் சுருண்ட குருத்தைக் கிள்ளி, பழுப்புக் கூடுகளைக் கண்ணாடிக் குழாயில் போட்டுப் பஞ்சால் அடைத்து, எண் போட்டு. தலையில் துண்டு. கை முழுக்க மரவள்ளிப் பால். ஒரு விவசாயி கேட்டார்: "ஏம்மா, ஊரே பூச்சியக் கொல்ல அலையுது. நீ அதப் புடிச்சு பாட்டில்ல வச்சு வளக்குற. யாரு பக்கம் நீ?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தினமும் காலையில் ஜீப் எடுப்பதற்கான அனுமதிச் சீட்டில் சார்தான் கையெழுத்துப் போடுவார். "தண்ணி எடுத்துக்கிட்டீங்களாம்மா?" என்று கேட்பார். ஒருநாளும் போக வேண்டாம் என்று சொன்னதில்லை. ஒருநாளும்.

அறுநூற்றுச் சொச்சம் குளவிகள் வெளியே வந்தன. எதுவும் பதினெட்டு மாதிரி இல்லை. ஐந்து கணு என்றால் சின்ன உடம்பு. ஆறு கணு என்றால் பெரிய உடம்பு. எல்லாம் ஒழுங்கு. எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? என்னுடையது எவ்வளவு அபூர்வம் என்று தோன்றியது.

இது சங்ககிரியா? சரி, நேரம் இருக்கிறது. இருங்கள், ஒரு பள்ளம் வருகிறது. ஒன்றும் ஆகவில்லை. இரண்டும் இருக்கிறது.

ஆனி மாதம் சார் கோயம்புத்தூருக்கு ஒரு கூட்டத்துக்குப் போனார். எல்லா நிலையங்களிலிருந்தும் பூச்சிக்காரர்கள் அறுபது பேர் வந்திருந்தார்களாம். எத்திராஜ் அண்ணன்தான் ஓட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்ததும் நேராக என்னிடம் வந்தார். சந்தோஷமாகத்தான் வந்தார்.

"பாப்பா, உன் பூச்சிய இம்மாம் பெருசாத் திரையில போட்டாங்க."

"என் பூச்சின்னு எப்படித் தெரியும்?"

"அட, நீ எனக்குப் போன்ல நூறு தடவ காட்டல? அதே படம். போட்ட ஒடனே எல்லாரும் சிரிச்சு ஒரே கலகலப்பு. ஒருத்தரு எந்திரிச்சு, 'இது பிள்ளையாருய்யா'ன்னாரு. மறுபடி சிரிப்பு. நல்ல பேரா வச்சுட்டாங்க பாப்பா."

"சார் என்ன சொன்னாரு?"

"தலைவரு மைக்குல கேட்டாரு, யாரு செஞ்ச வேலை இதுன்னு. சார் கை தூக்குனாரு."

"என் பேரச் சொன்னாரா?"

எத்திராஜ் அண்ணன் யோசித்தார். "இல்ல பாப்பா. கையத்தான் தூக்குனாரு."

அவ்வளவுதான் அக்கா. அறுபது பேர் முன்னால் என் குளவியைப் போட்டு, எல்லோரும் சிரித்து மகிழ்ந்து, பிள்ளையார் என்று பேர் வைத்து, யாருடையது என்று கேட்டால் இவர் கை தூக்குகிறார். வெயிலில் நின்றது யார்? பால் பட்டுக் கை வெந்தது யாருக்கு? என்னிடம் 'இன்னொண்ணு கிடைக்கட்டும்' என்று சொல்லிவிட்டு, அங்கே போய் ஒன்றை வைத்தே பேரினம் சொல்லிவிட்டார். நாங்கள் கண்டுபிடிக்க மட்டும் வேண்டும், பேர் அவர்களுக்கு. கிழங்கு சீவுகிறவர் வீட்டுப் பெண்ணுக்கு எதற்குப் பேர்?

அன்றைக்கே மனு எழுதினேன். நான்கு பக்கம். அதில் ஒரு தப்பு செய்தேன், உங்களிடம் சொல்லிவிடுகிறேன். எத்திராஜ் அண்ணன் சொல்லிக் கேட்டேன் என்று எழுதவில்லை. அவரை இழுத்துவிட வேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நானே பார்த்த மாதிரி எழுதினேன். ஒரு குளவியின் கணுவை மூன்று தடவை எண்ணுகிறவள், ஒரு மனிதரின் கையை ஒருதடவைகூடப் பார்க்காமல் எழுதினேன்.

மறு வாரமே சாரை ஆய்வகத்துக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அலுவலக அறையில் உட்கார்ந்து பழைய கோப்புகளுக்கு எண் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தால் எழுந்து நின்று வழி விடுவார். ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஏம்மா இப்படிச் செய்தீர்கள் என்று. அதுவும் எனக்குக் கோபம்தான். குற்றவாளிக்குத்தான் பேச்சு வராது என்று நினைத்தேன்.

போன வாரம் விசாரணைக்கு நோட்டீஸ் வந்தது. கூட்டத்தில் அவர் காட்டிய படங்களின் நகலையும் இணைத்திருந்தார்கள். முப்பத்தொன்றாம் பக்கத்தில் என் குளவி. மேலே தலைப்பு: 'மாதிரிகளை ஒட்டும்போது நேரும் பிழைகள்.' கீழே யார் பேரும் இல்லை. என் பேரும் இல்லை, அவர் பேரும் இல்லை.

என் பேரினத்தைப் பிழை என்று எழுதியிருக்கிறார்! திருடவும் செய்து, பிழை என்றும் சொல்கிறார்! எது உண்மை? இரண்டில் ஒன்றுதானே இருக்க முடியும்? நேராக ஜீப் ஷெட்டுக்குப் போனேன்.

"அண்ணே, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அன்னைக்குத் திரும்பி வர்றப்ப சார் ஏதாவது சொன்னாரா?"

"சொன்னாரே."

"என்ன சொன்னாரு?"

"நான்தான் கேட்டேன், ஏன் சார் அந்தப் புள்ளையோடதுன்னு சொல்லலன்னு. அதுக்கு, 'வேணாம் எத்திராஜு, அது அவங்க வீட்டுல மொதல்ல படிச்ச புள்ள. மொகத்துக்கு நேராச் சொன்னா ஒடிஞ்சிரும். தானாக் கண்டுபுடிக்கும்'னாரு."

"இத ஏண்ணே அப்பவே சொல்லல?"

"நீ கேக்கலையே பாப்பா. பேரச் சொன்னாரான்னுதான் கேட்ட."

ஒடிந்துவிடுவேனாம்.

நீங்களே சொல்லுங்கள் அக்கா. என் அம்மா காலை ஆறு மணிக்குக் கத்தியை எடுத்தால் மாலை வரைக்கும் கீழே வைக்கமாட்டார். ஒருதடவை கட்டை விரலில் பாதி நகம் போய்விட்டது. துணியைச் சுற்றிக்கொண்டு மிச்சக் கிழங்கைச் சீவினார். அவர் பெற்ற பெண் நான். ஒரு குளவி விஷயத்தில் 'தப்புப் பண்ணிட்ட' என்று சொன்னால் நான் ஒடிந்துவிடுவேனா? நந்தகோபால் ஒடிந்தானா? நோட்டை வராந்தாவில் வீசினார், அவன் போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தான், மறுபடி எண்ணினான், அன்று சாயங்காலமே சரியாக எழுதிக் கொடுத்துவிட்டுக் கேண்டீனில் பஜ்ஜி தின்றான். ஒரு நாள்! அவனுக்கு ஒரு நாளில் முடிந்தது. எனக்கு நாற்பத்திரண்டு நாள். ஒவ்வொரு நாள் காலையும் அவருக்குத் தெரியும், நான் தேடுவது இந்த உலகத்திலேயே இல்லை என்று. தெரிந்துகொண்டே கையெழுத்துப் போட்டார். தெரிந்துகொண்டே தண்ணீர் எடுத்துக்கொண்டீர்களா என்று கேட்டார். ஊரே என்னைப் பார்த்துச் சிரித்தபோதும், அம்மா ஆலை முழுக்கப் பெருமை பேசியபோதும், தானாகக் கண்டுபிடிக்கும் என்று இருந்தார்.

இதற்குப் பேர் கருணையா? பேராசிரியர் மகனுக்கு வசவு. அவன் தாங்குவான், அவனுக்கு அப்பா இருக்கிறார், தாத்தா இருக்கிறார், வீடு முழுக்கப் பட்டம் மாட்டியிருக்கிறது. எனக்குப் பஞ்சு. கண்ணாடிக் குழாயில் குளவியைப் போட்டு அடைப்பேனே, அதே பஞ்சு. நான் கேட்டது பஞ்சா? வேலைக்குச் சேரும்போது அந்தத் தாசில்தார் சான்றிதழின் நகலை எதற்குக் கொடுத்தேன் என்று இருக்கிறது. அதைப் பார்க்காமல் இருந்திருந்தால் என்னையும் 'போடி, மொதல்ல இருந்து பாரு' என்று சொல்லியிருப்பார். நான் பார்த்திருப்பேன். மனுவும் இல்லை, விசாரணையும் இல்லை. அவரும் மாலை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்.

தெரியும் அக்கா. பக்கத்து ஊசியைப் பார் என்று சொன்னார்தான். நீங்கள் அதைத்தான் சொல்ல வருகிறீர்கள் என்று தெரியும். சொன்னார். 'பாத்துக்கங்கம்மா' என்று சொன்னார். அப்படிச் சொன்னால் யார் பார்ப்பார்கள்? ஒரு பெரியவர் பாதையில் போகிற பெண்ணிடம் வெயிலுக்குக் குடை எடுத்துக்கொள் என்று சொல்கிற மாதிரி சொன்னார். 'பாரு!' என்று சொல்லியிருக்க வேண்டும்.

கையைத் தூக்கினாரே, அதை நினைத்தால்தான் இன்னும் ஆத்திரம் வருகிறது. அறுபது பேர் சிரித்தபோது அது தன் வேலை என்று கை தூக்கியிருக்கிறார். அவர் கண் அவ்வளவு கெட்டுப்போய்விட்டதா என்று அங்கே எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்? என்னைக் கேட்டாரா? என் தப்பை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொள்ள இவருக்கு யார் உரிமை கொடுத்தது? அது என் தப்பு. நோட்டில் என் கையெழுத்து இருக்கிறது. கண்டுபிடிப்பு என்றால் என்னுடையது என்று நான்கு பக்கம் எழுதினேனே, தப்பு என்றாலும் என்னுடையதுதானே?

ஆமாம். பிள்ளையார் என்று ஏன் சிரித்தார்கள் என்று இப்போது புரிகிறது. எத்திராஜ் அண்ணனுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. அவர் அதை இன்னும் பேர் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அவிநாசி வந்துவிட்டதா? நீங்கள் இங்கேயா இறங்குகிறீர்கள்? இருங்கள், கூட்டம் இறங்கட்டும், அதற்குள் முடித்துவிடுகிறேன். ஏன் இரண்டு ஊசி என்று கேட்டீர்களே.

விசாரணையில் என்ன சொல்வது என்று நேற்றுவரை எனக்குத் தெரியவில்லை. சாரின் தலைப்பை நம்பி என்னுடையது தப்பு என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். எத்திராஜ் அண்ணன் சொன்னதை நம்பி ஒருதடவை எழுதிப் பட்டது போதும். நேற்று மத்தியானம் பெட்டி கட்டும்போது, நல்ல மைக்ராஸ்கோப் வந்துவிட்டதே என்று, டிராயரிலிருந்து பதினேழை வெளியே எடுத்தேன். பங்குனியிலிருந்து அதை நான் தொடவே இல்லை. பார்ப்பதற்கு முன்னால் இன்னொன்றும் செய்தேன். அந்தப் பழைய ஒற்றைக்கண் மைக்ராஸ்கோப்பைத் துடைத்து, பேருந்து டிக்கெட் ஒன்றை அதன் அடியில் வைத்தேன். எழுத்து தலைகீழாகத் தெரிந்தது. டிக்கெட்டின் இடது ஓரம் வலது பக்கம் இருந்தது. இது முதல் வருடப் பாடம் அக்கா. பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். தூரிகை எதிர்ப்பக்கம் போகிறது என்று கைக்குத் தெரிந்திருந்தது. இடது தலை என்று எடுத்தபோது எனக்குத் தெரியவில்லை.

பன்னிரண்டு மணிக்கு இரண்டு ஊசியையும் மேசைமேல் வைப்பேன். முதலில் என் தப்பைச் சொல்வேன், நான் பார்க்காததைப் பார்த்ததாக எழுதியதையும் சேர்த்து. வேலை போனால் போகட்டும். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை. அப்புறம் எல்லார் முன்னாலும் சாரைக் கேட்பேன், என்னை ஏன் சார் திட்டவில்லை என்று. அவர் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

படியில் பார்த்து இறங்குங்கள் அக்கா. இல்லை, உறுதியாகத்தான் சொல்கிறேன். நல்ல மைக்ராஸ்கோப்பில், நல்ல வெளிச்சத்தில், மூன்று தடவை எண்ணினேன். பதினேழின் உடம்பு அனகைரஸ். அதன் கொம்பில் ஆறு கணு இருக்க வேண்டும். ஐந்துதான் இருக்கிறது.